மெய்ப்பாடும் நிலைக்களனும்: நோயாளர் புகைப்படங்கள் பற்றி ஒரு நோக்கு

இலக்கியத்தில் இயற்பண்புவாதம் எது, யதார்த்தவாதம் எது என வேறுபிரித்தறிய வேண்டுமென்று வற்புறுத்தி வந்திருக்கும் நாம், புகைப்படம் என்று வந்தவுடன் அவ்விழிப்பைக் கைவிட்டுவிடுகிறோம். கண்டதைக் கண்டவாறு காட்டுவது கமரா. அது பொய் சொல்லாது. ஆகவே அது காட்டுவது யதார்த்தம் என்று எண்ணிக்கொள்கிறோம். அதிலும் வைத்தியசாலையில் எடுக்கப்பட்ட படமென்றால் நமது நம்பிக்கை இருமடங்காகிறது. விஞ்ஞானத்தின் ஊழியரொருவர், விஞ்ஞானத்தின் கருவிகொண்டு எடுத்த படத்தில் ஐயுறுவதற்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது என்பதே நமது கருத்து. மேற்பரப்பை மயிரிழை பிசகாமல் பதிவுசெய்யும் எழுத்து, வாழ்க்கையின் உண்மையைத் தவறவிடக்கூடும் என்று சோலாவின் நாவல்கள்பற்றி லூகாச் முதலிய விமர்சகர் விவாதித்தனர். அந்த விவாதத்தை, சோலா வாழ்ந்த அதே பாரிஸ் நகரில், அவர் தமது பெயர்பெற்ற நாவல்களை வெளியிட்ட அதே ஆண்டுகளிலே தோன்றிய நோயாளர் புகைப்படத் தொகுதியொன்றுக்கும் நாம் பொருத்திப் பார்க்கலாம்.

எனினும் இத்துறையின் முன்னோடி ஓர் ஆங்கிலேயர். சரே மாவட்ட மனநோய் வைத்தியசாலையின் பெண்கள் பகுதிக்கு 1848 முதல் 1858 வரை பொறுப்பாயிருந்த ஹியூ வெல்ச் டயமண்ட், தமது பராமரிப்பிலிருந்த பெண்களைப் படம்பிடித்து, அதுபற்றி 1856இல் லண்டன் றோயல் சங்கத்தின்முன் கட்டுரையொன்று படித்தார். புகைப்படத்துக்கு அவர் மூன்று பயன்கள் கூறினார். முகத்தோற்றத்தைக் கொண்டு மனநோயை ஆராயலாம். தன் உருவத்தைத் தானே காணும் நோயாளி தெளிவடையலாம். வெளியேறியவர் மீண்டும் கொண்டுவரப்பட்டால் அடையாளங் காணலாம். மூன்றாவது பயன் சிறைச்சாலைகளிலிருந்து பெற்றது என்பதை அவர் மறைக்கவுமில்லை. இரண்டாவதே நமது கவனத்துக்குரியது. தன்னை அரசியென நம்பியிருந்த இளம்பெண்ணொருத்தி தன் படங்களைக் கண்டு நகைக்கத் தொடங்கினாள் என்றும், அது அவள் குணமடைய உதவிற்று என்றும் அவர் எழுதுகிறார். இக்காட்சியில் மனிதத்தன்மை இருக்கிறது; நோயாளிக்கும் தன் படத்தைக் காணும் உரிமை உண்டென்ற எண்ணத்தின் வித்து இருக்கிறது. ஆனால், சரே வைத்தியசாலை வறியவர்களுக்கானது என்பதை மறக்கலாகாது. 1858இல் அதைவிட்டு நீங்கிய டயமண்ட், பணம் செலுத்த வல்லோருக்கென டுவிக்கனத்தில் சொந்தமாக ஓர் இல்லத்தை நிறுவினார். அத்துடன் அவருடைய நோயாளர் படங்கள் நின்றுவிடுகின்றன. ஏழையின் முகம் ஆராய்ச்சிக்குரியதாகவும் பணமுடையோர் முகம் அந்தரங்கமானதாகவும் கருதப்பட்ட காலம் அது. அக்காலம் முற்றாகக் கழிந்துவிட்டதா என்பதை இலவச விடுதியிலும் கட்டண விடுதியிலும் படுத்தெழும்பியவர்கள் ஒப்பிட்டுச் சொல்லட்டும்.

இனிப் பாரிசுக்கு வருவோம். சல்பெத்ரியேர் என்பது வெடிமருந்துச் சாலையொன்று இருந்த இடத்தில், பதினான்காம் லூயி மன்னனின் ஆட்சியில், 1656இல் ஏழைகளை அடைத்துவைப்பதற்கெனத் தோன்றிய நிறுவனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது முதிய பெண்கள், வலிப்பு நோயாளர், சித்தம் பேதலித்தோர் என ஆயிரக்கணக்கான வறிய பெண்கள் வாழ்ந்து மடியும் ஒரு நகரம் போலிருந்தது. 1862இல் அங்கு பொறுப்பேற்ற ழான் மார்த்தன் ஷார்க்கோ நரம்பியல் விஞ்ஞானத்தை நிலைநிறுத்தியவருள் ஒருவர். அவர் பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. ஹிஸ்டீரியா என்று அக்காலம் வழங்கிய நோய் நடிப்புமன்று, பேய்பிடித்தலுமன்று. ஒழுங்கான கட்டங்களையுடைய நோயே அது என நிறுவுவதற்கு அவர் முயன்றார். அதற்குச் சான்றாகவே கமரா வார்டுக்குள் வந்தது. பூர்ன்வில் என்ற வைத்தியர் உரையெழுத, றெஞார் படமெடுக்க, ‘சல்பெத்ரியேர்ப் புகைப்படத் தொகுதி’ 1876 முதல் 1880 வரை மூன்று பாகங்களாக வெளிவந்தது.

இரண்டாம் பாகத்தின் நாயகி எனத்தக்கவள் ஒகஸ்தீன். 1875இல், பதினைந்து வயதளவில் அங்கு கொண்டுவரப்பட்டவள். அவளது படங்களை இன்று பார்ப்பவர் எவரும் வியப்படையாமல் இருக்கமாட்டார். வெண்ணிற இரவுடையில், கட்டிலின்மேல் அமர்ந்து, கைகளை மேலே உயர்த்தி, வானை நோக்கிப் புன்னகைக்கிறாள். கீழே ‘பரவசம்’ என்று பொறித்திருக்கிறது. மற்றொன்றில் கைகூப்பி மன்றாடுகிறாள். ‘காதல் வேண்டுதல்’ என்பது அதன் பெயர். படத்துக்குப் படம் இவ்வாறே. நாடகக் கொட்டகையின் வாசலில் ஒட்டப்படும் நடிகையின் படங்களுக்கும் இவற்றுக்கும் அதிக வேற்றுமையில்லை. படிப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அக்காலத்து ஈரத்தகட்டு முறையில் படம் விழுவதற்குச் சில விநாடிகளாவது வேண்டும். தகட்டைத் தயாரிக்கவோ அதற்கு மேலான நேரம் வேண்டும். வெறிகொண்டு துடிக்கும் உடல் தகட்டில் விழாது. கலங்கிய புகையாகவே தெரியும். ஆகவே தெளிவாக விழுந்தவை, அசையாது நின்ற கணங்களே. நிற்கக்கூடிய மெய்ப்பாடுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன, நில்லாதவை விடுபட்டன. அத்தேர்வின் முடிவே நோயின் ஒழுங்கு என அறிவிக்கப்பட்டது.

ஆந்திரே புறூயே 1887இல் வரைந்த பெயர்பெற்ற ஓவியமொன்றில் ஷார்க்கோ விரிவுரை நிகழ்த்துகிறார். மயங்கிச் சாயும் பெண்ணொருத்தியை உதவியாளர் தாங்கிக்கொள்கிறார். கறுப்புக் கோட்டணிந்த ஆண்கள் திரண்டிருந்து பார்க்கிறார்கள். அவ்வாண்களுக்குப் பின்னால், சுவரின்மீது, வில்லாக வளைந்த நோயாளியொருத்தியின் பெரிய சித்திரம் தொங்குகிறது. பார்வையாளர் அதனைத் திரும்பித்தான் பார்க்கவேண்டும். நோயாளியின் முகத்துக்கோ அது நேரெதிரே இருக்கிறது. தான் எவ்வாறு வளையவேண்டும் என்பதை அப்பெண் எங்கிருந்து அறிந்தாள் என்ற கேள்விக்கு ஓவியன் தன்னையறியாமலே விடை தந்திருக்கிறான் என நாம் கருதுகிறோம். அப்பெண்கள் நடித்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவர்கள் நோயுற்றிருந்தார்கள், துன்பம் மெய்யானது. ஆனால், எந்தத் துன்பத்துக்குக் கவனிப்புக் கிடைக்கும், எது புறக்கணிக்கப்படும் என்பதை வார்டு அவர்களுக்குக் கற்பித்தது.

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்தில் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருதல் இயல்பு. மெய்ப்பாடு எட்டெனக் கூறிய ஆசிரியர் அவ்வளவில் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனைக் களனாகக்கொண்டு தோன்றும் என நந்நான்கு நிலைக்களன் வகுத்தார். அழுகைக்குரிய நான்கனுள் இகழப்படுதலும் இழத்தலும் மட்டுமன்றி வறுமையும் ஒன்று. அச்சத்துக்குரிய நான்கனுள், அணங்கும் விலங்கும் கள்வரும் மட்டுமன்றித் தம்மேல் ஆணை செலுத்துவோனும் ஒருவன். அழுபவளைக் கண்டால் அவள் வறுமையையும், அஞ்சுபவளைக் கண்டால் அவளை ஆள்பவனையும் தேடும்படி நமது பழைய இலக்கணம் பணிக்கிறது. இதனை முற்போக்கு நூலென்று நாம் முடிசூட்ட வரவில்லை. எனினும் சல்பெத்ரியேர்த் தொகுதியை அளப்பதற்கு இது மிகப் பொருத்தமான கோல். அப்படங்களில் மெய்ப்பாடு உண்டு, நிலைக்களன் அறவேயில்லை. கட்டில், தலையணை, இருண்ட பின்புறம்; அதற்கப்பால் உலகமே இல்லாததுபோல.

வியப்பென்னவெனில், நிலைக்களன் அதே நூலில், படத்துக்கு அடுத்த பக்கங்களிலேயே இருக்கிறது. பூர்ன்வில் கண்ணுங்கருத்துமாகக் குறிப்பெடுப்பவர். ஒகஸ்தீனின் பெற்றோர் வீட்டு வேலைக்காரர். பதின்மூன்று வயதில் அவள் தன் தாயின் எசமானன் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அங்கு அவன் அவளை அச்சுறுத்திப் பாலியல் வல்லுறவு கொண்டான். அதன்பின்னரே வலிப்புத் தொடங்கிற்று. நோய் மேலிட்ட வேளைகளில் அவள் அம்மனிதனை விளித்துக் கூவியவற்றையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அவை ‘பிதற்றல்’ என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. ‘காதல் வேண்டுதல்’ என்ற படத்தையும் அப்பிதற்றலையும் அருகருகே வைத்துப் படித்தால், கூப்பிய கைகள் எதனை வேண்டின என்பதில் ஐயமிராது. எசமானனிடம் இரக்கங்கேட்கும் வேலைக்காரச் சிறுமியின் கைகள் அவை. படத்தின் பெயர் அதனைக் காதலாக்கிற்று.

படமெடுக்கப்பட்ட காலத்தில் அவளுக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகவே தெரியத் தொடங்கிற்று என்ற செய்தியை எலேன் ஷோவால்ட்டர் 1985இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டுகிறார். ஒரு கட்டத்தில் நோய் தணிந்து அவ்வைத்தியசாலையிலேயே பணிப்பெண்ணாகவும் இருந்தாள். நோய் மீண்டதும் தனியறையில் அடைக்கப்பட்டாள். 1880இல் ஆணுடை தரித்து அங்கிருந்து தப்பிப் போய்விட்டாள். கமராவுக்கு அவள் கொடுத்த கடைசி வேடம் அதுவே. அதனை எவரும் படமெடுக்கவில்லை.

இங்கு நம்மவர் சிலர், ‘இவையெல்லாம் பூர்ஷ்வா விஞ்ஞானத்தின் கொடுமை’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட விரும்பலாம். அவ்வளவு எளிதாக இதனை முடிக்க இயலாது. பூர்ன்வில் தமது காலத்து இடதுசாரிகளுள் ஒருவர். குடியரசுவாதி, வைத்தியசாலைகளை மதகுருமாரின் பிடியிலிருந்து விடுவிக்கப் போராடியவர், உழைக்கும் பெண்கள் தாதியராகப் பயிற்சிபெற 1878இல் அதே சல்பெத்ரியேரில் பாடசாலை தொடக்கியவர். முற்காலத்துப் புனிதைகளின் பரவசமும் சூனியக்காரிகள் எனச் சுட்டெரிக்கப்பட்டோரின் வலிப்பும் நோயே என நிறுவி மூடநம்பிக்கையைத் தகர்ப்பது அவரது நோக்கம். ஒகஸ்தீனின் படத்துக்குப் ‘பரவசம்’ என்று பெயரிட்டதில் அந்த அரசியலும் இருந்தது. அது நல்ல அரசியல்தான். அந்த நல்ல அரசியலுக்கு ஒரு சிறுமியின் உடல் துண்டுப்பிரசுரமாயிற்று. அவளிடம் கேட்டார்களா என்பது அக்காலத்தில் எழாத கேள்வி என்பர். அவள் தப்பியோடியதை அவளது விடையாகக் கொள்ளலாம்.

இதனினும் நம்மைச் சினங்கொள்ளச் செய்வது 1928இல் நிகழ்ந்தது. பிரெத்தோன், அறகோன் முதலிய மீயதார்த்தவாதிகள் தமது ஏட்டிலே ஹிஸ்டீரியாவின் ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் கவித்துவக் கண்டுபிடிப்பு அதுவே என்று போற்றி, ஒகஸ்தீனின் படங்களை மறுபடியும் அச்சிட்டனர். இவர்களும் புரட்சியின் பெயரால் பேசியவர்களே. ஷார்க்கோவாவது அவளை நோயாளியாகக் கண்டார். இவர்களோ அவளை வெறுங் கவிதையாகக் கண்டனர். வைத்தியர் மறைத்த நிலைக்களனைக் கவிஞர் தேடவே இல்லை. குறிப்புகள் அச்சில் இருந்தன. அவற்றைப் படிப்பதற்கு அதிக உழைப்பு வேண்டியதில்லை.

நாம் கமராவை வைத்தியசாலையிலிருந்து துரத்தச் சொல்வதாக எவரும் கருதவேண்டாம். புண் ஆறுகிறதா விரிகிறதா என்பதை வாரந்தோறும் எடுக்கப்படும் படம் சொல்லும். தூரத்துக் கிராமத்திலுள்ள நோயாளியின் தோற்படையை நகரத்து நிபுணருக்கு நிமிடத்தில் காட்டும். மாணவருக்கு ஆயிரம் சொற்களில் விளங்காததை விளக்கும். படம் இல்லாமையும் தீங்கு செய்யும். தோல்நோய்ப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலையே காட்டி வந்திருக்கின்றன. ‘சிவந்து காணப்படும்’ என்று அவை கூறும் அழற்சி, கறுத்த மேனியில் சிவப்பாகத் தெரிவதில்லை. லண்டனில் வைத்திய மாணவராயிருந்த மலோன் முக்வெண்டே என்பவர் இக்குறையை உணர்ந்து, ஆசிரியர் இருவருடன் சேர்ந்து, கறுத்த தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்பதைப் படங்களுடன் விளக்கும் கைந்நூலொன்றை 2020இல் வெளியிட்டார். நமது நாட்டு மாணவருக்கும் அது நேரடியாகப் பயன்படுவதே. அவ்வாறாயின், எத்தகைய உறவுக்குள் படம் எடுக்கப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

இவ்வுறவைத் தலைகீழாக்கிப் பார்த்தவர் ஜோ ஸ்பென்ஸ். 1934இல் லண்டன் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர். கல்யாணப் படங்களும் குடும்பப் படங்களும் எடுக்கும் கடையொன்றை நடத்திப் பிழைத்தவர். பின்னர் சோஷலிசப் பெண்கள் குழுவொன்றிற் சேர்ந்து உழைக்கும் பெண்களின் வாழ்வைப் படமாக்கியவர். 1982இல் அவருக்கு மார்புப் புற்றுநோய் கண்டது. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபோது இளம் வைத்தியரொருவர் பரிவாரத்துடன் வந்து, குறிப்பேட்டைப் பார்த்து, அகற்றப்படவிருந்த மார்பின் மேலே மையினாற் புள்ளடியிட்டதை அவர் எழுதியிருக்கிறார். வள்ளுவர் மருந்தின் கூறுகள் நான்கினை எண்ணும்போது நோயுற்றவனையே முதலில் வைத்தெண்ணினார். இங்கு நோயுற்றவள் எண்ணிக்கையிலேயே இல்லை. ஸ்பென்ஸ் மறுத்தார், மார்பு முழுவதையும் அகற்றாமல் கட்டியை மாத்திரம் அகற்றும் சத்திரசிகிச்சைக்கே இசைந்தார்.

அதற்கு முன் அவர் செய்த காரியமே இன்றும் பேசப்படுகிறது. தமது மார்பின்மீது, ‘ஜோ ஸ்பென்சின் உடைமையா?’ என்று கேள்விக்குறியுடன் எழுதி, தோழர் ஒருவரின் உதவியுடன் படமெடுத்து, அப்படத்தை வைத்தியசாலைக்குக் கூடவே கொண்டுசென்றார். தம் உடல்மீது தமக்கும் சில உரிமைகள் உண்டென்பதைத் தமக்கே நினைவூட்டுவதற்காக என்று காரணம் கூறினார். அவர் வெறுமனே உடைமை என்று எழுதவில்லை, கேள்வியாக எழுதினார். அக்கேள்விக்குறியில் ஓர் உழைப்பாளியின் மகளுக்குரிய அனுபவம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

கலைநோக்கில் இதனினும் சிறந்தது, மார்பு எக்ஸ்றே எடுக்கப்படும் வேளையில் எடுத்த படமே என்பது நமது அபிப்பிராயம். இயந்திரத்தை இயக்கிய பெண் ஊழியரிடமே தமது கமராவைக் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னார் ஸ்பென்ஸ். அவர் மனமின்றியே இசைந்தார். நோயாளி தம் கையாலேயே கமராவை நீட்டிப் பிடித்து எடுப்பதைவிட இது மேல் என்று நினைத்தாராம். அப்படத்தில் இயந்திரம் இருக்கிறது. அதனுள் அழுத்தப்பட்ட உடல் இருக்கிறது. படத்துக்கு வெளியே நின்ற ஊழியப் பெண்ணின் தயக்கமும் ஒருவாறு இருக்கிறது. ஒகஸ்தீனின் இருண்ட பின்புறத்தில் மறைக்கப்பட்ட நிலைக்களன் இங்கு மீண்டும் படத்துக்குள் வந்துவிட்டது. யதார்த்தம் என்று நாம் இதனையே கூறுவோம். டயமண்ட் நோயாளிக்குப் படத்தைக் காட்டினார். ஸ்பென்ஸ் காட்டச் சொல்லிக் காத்திருக்கவில்லை.

அவரிடம் நமக்கு உடன்பாடில்லாதவையும் உள. பிற்காலத்தில் வேடம் புனைந்து தம் இளமைத் துயரங்களை நடித்து எடுத்த சிகிச்சைப் படங்களுட் சில, அவருக்கு ஆறுதலளித்திருக்கலாம். நம்மிடம் பேசும் வலிமை அவற்றுக்குக் குறைவு. சத்திரசிகிச்சைக்குப் பின் சீன வைத்தியத்தை நாடிய அவரது தெரிவை எவருக்கும் வழிகாட்டியாக நாம் முன்வைக்கவுமில்லை. 1992இல் இரத்தப் புற்றுநோயால் இறக்கும்வரை அவர் கமராவைக் கீழே வைக்கவில்லை.

கமராவைத் தானே பிடிக்க முடியாத நோயாளிக்கு என்ன வழி? ஜப்பானின் மினமாட்டாவில் சிஸோ இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை பாதரச நஞ்சைக் கடலில் விட்டது. மீன் உண்ட மீனவக் குடும்பங்கள் நடுங்கிச் செத்தன; தாயின் வயிற்றிலேயே நஞ்சேறிய குழந்தைகள் பிறந்தன. நோய் 1956இலேயே அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. தொழிற்சாலைக் கழிவுநீரை ஊட்டிய பூனை நோயுறுவதை 1959இல் அத்தொழிற்சாலையின் சொந்த வைத்தியரே கண்டறிந்தும், நிருவாகம் அதனை மறைத்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் யூஜீன் ஸ்மித் தம் மனைவி அய்லீனுடன் 1971இல் அங்கு குடியேறினார். அடுத்த சனவரியில் கம்பனியின் ஆட்கள் அவரை அடித்துப் படுகாயப்படுத்தினர். அவர் எடுத்த படங்களுள் உலகறிந்தது, பிறவியிலேயே நோயுற்ற மகளைத் தாய் குளியல் தொட்டியிலே தாங்கிப் பிடித்திருக்கும் படம். 1972இல் ‘லைஃப்’ ஏட்டில் அது வெளிவந்தது. 1973இல் நீதிமன்றம் நோயாளர் சார்பாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நோயாளரின் சொந்தப் போராட்டத்தின் பயன். எனினும் உலகின் கண்ணை அங்கு திருப்பியதில் அப்படத்துக்குப் பங்குண்டு.

இங்கு நிலைக்களன் உண்டு, பெற்றோரின் இசைவும் உண்டு, நோக்கமோ நம்முடையது. நமது அளவுகோல்களெல்லாம் நிறைவுபெறுகின்றன. ஆயினும் அம்மகள் 1977இல், இருபத்தொரு வயதில், இறந்த பின்னரும் அப்படம் சுவரொட்டிகளிலும் நூல்களிலும் தொடர்ந்து உலாவியது. அதனால் அக்குடும்பம் பணம் சம்பாதிக்கிறது என்று அயலார் பேசினர். மகளை இனியாவது ஓய்வெடுக்க விடவேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். 1998இல் அய்லீன் ஸ்மித் அப்படம்பற்றிய தீர்மானத்தை அவர்களிடமே ஒப்படைத்தார். பல ஆண்டுகள் அது புதிதாக வெளியிடப்படாமலே இருந்தது. போராட்டத்தின் ஆயுதத்தை இவ்வாறு உறையில் இடலாமா என்று அன்று முணுமுணுத்தோர் உண்டு. கைத்தொலைபேசியில் நோயாளியின் படத்தை எடுத்து, உதவி கோரும் நல்லெண்ணத்துடனேயே ஊரெங்கும் அனுப்பும் இன்றைய நமது வழக்கத்திலும் அதே முணுமுணுப்பு ஒலிக்கிறது. படுக்கையில் கிடப்பவர் குணமடைந்து எழுந்தபின், அப்படம் இன்னும் ஆயிரம் கைகளில் இருப்பதை அவருக்கு யார் சொல்வது?

இக்கட்டுரையுடன் வெளியிடுவதற்கு ஒகஸ்தீனின் படமொன்றும் மினமாட்டாப் படமும் தரமுடியுமா என ஆசிரியர் கேட்டிருந்தார். முன்னதற்குப் பதிப்புரிமைத் தடை எதுவுமில்லை, பின்னதற்கு உண்டு. இரண்டையும் நாம் அனுப்பவில்லை. புறூயேயின் ஓவியப் பிரதியொன்றை அனுப்பியிருக்கிறோம். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்கள் அதில் தெளிவாகத் தெரிகின்றன.